வெட்டி எழுதிய விலாசங்கள்

(டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரிலிருந்து இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கனடாவில் காலைத் தேநீரோடு இருப்பவர்களுக்கும், அவுஸ்திரேலியாவில் நித்திரையைக் குழப்பிக்கொண்டு இணைந்திருப்பவர்களுக்கும் நன்றி. குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளர் கையைக் காட்டுங்கள், நிறுத்தித் திரும்பச் சொல்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு "புலம்பெயர் வாழ்வும் எழுத்தும்". அது பெரிய கடல். அதில் ஒரு செம்பு தண்ணீரை மட்டும் அள்ளலாம் என்று நினைக்கிறேன். வீட்டு விலாசத்தை மாற்றுவது பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். இது ஒரு இலக்கியத் தலைப்பா என்று சிலர் சிரிப்பது திரையில் தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இங்கே இணைந்திருக்கிறவர்களில் வாழ்க்கையில் ஐந்து தடவைக்குக் குறைவாக விலாசம் மாற்றியவர்கள் எத்தனை பேர் என்று மனதுக்குள் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

முதலில் நான் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இக்காஸ்ட், யூலண்ட் நிலப்பகுதியின் நடுவில், ஹேர்னிங் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 16,000 பேர் வாழும் சிறிய நகரம். தபால் இலக்கம் 7430. பின்னலாடைக்கும் துணித் தொழிலுக்கும் பெயர் போன ஊர். 1980களில் அகதியாக வந்த எங்கள் ஆட்களைத் தலைநகரத்தில் குவிக்காமல் நாடு முழுவதும் பிரித்து அனுப்பினார்கள். அப்படித்தான் மத்திய யூலண்டின் சின்னச் சின்ன ஊர்களில் தமிழ் வீடுகள் வந்தன. பிரான்டே என்றவுடன் உங்களில் பலருக்கு அபிராமி அம்மன் கோயில் ஞாபகம் வரும். அந்தப் பிரான்டேயும் இக்காஸ்டும் 2007 இல் ஒரே கொம்மூன் ஆகின. கொம்மூன் என்றால் எங்கள் பிரதேச சபை மாதிரி, ஆனால் அதைவிடப் பத்து மடங்கு அதிகாரம் உள்ளது. அந்த வருடம் டென்மார்க் முழுவதும் 271 கொம்மூன்களை 98 ஆகக் குறைத்தார்கள். வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே பலருக்குக் கொம்மூன் மாறியது.

இந்த நாட்டில் விலாசம் மாற்றுவது எப்படி என்பதைப் பிற நாட்டு உறவுகளுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே 1924 இலிருந்தே ஒவ்வொரு ஊரிலும் குடிமக்கள் பதிவேடு இருந்தது. 1968 இல் அதை நாடு முழுவதற்குமான ஒரே பதிவாக்கி, ஆளுக்கு ஒரு பத்து இலக்க எண் கொடுத்தார்கள். அதுதான் சிபிஆர் இலக்கம். முதல் ஆறு இலக்கம் பிறந்த திகதி. உங்கள் விலாசம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. வீடு மாறினால் ஐந்து நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும், அது சட்டம். மித்ஐடி என்கிற மின்னடையாளத்தால் கைபேசியிலேயே நுழைந்து, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு, எந்தத் திகதியில், யார் யார் என்று நிரப்பினால் வேலை முடிந்தது. வரித் திணைக்களம், ஓய்வூதியம், பள்ளிக்கூடம் எல்லோரும் அந்த ஒரே பதிவைத்தான் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது கனவு மாதிரி இருக்கும். அங்கே ஆதாரில் ஒரு தடவை, ரேஷன் கார்டில் ஒரு தடவை, வாக்காளர் அட்டையில், கேஸ் இணைப்பில், வங்கியில் என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். எங்கள் ஊரில் விதானையாரிடம், அதாவது கிராம சேவையாளரிடம், வதிவிடச் சான்றிதழுக்கு நிற்க வேண்டும். அவர் வெளியே போயிருந்தால் அடுத்த கிழமை வர வேண்டும்.

அப்படியென்றால் இங்கே சிக்கலே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரியானது.

முதலாவது, உள்ளே நுழைகிற சிக்கல். பிரான்டே பக்கம் காற்றாலை நிறுவனத்துக்கு வேலைக்கு வருகிற நம் பொறியியலாளர் பிள்ளைகளைக் கேளுங்கள். நிலையான விலாசம் இல்லாமல் சிபிஆர் இலக்கம் கிடைக்காது. சிபிஆர் இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பது கடினம். வங்கிக் கணக்கு இல்லாமல் வீட்டு முற்பணம் கட்டுவது கடினம். வீடு இல்லாமல் விலாசம் இல்லை. இந்த வட்டத்தில் முதல் மாதம் முழுவதும் சுற்றுகிறார்கள். பெருநகரங்களில் அறை வாடகைக்கு விடுகிற சிலர், "இரு, ஆனால் இந்த விலாசத்தில் பதியாதே" என்று சொல்வதும் உண்டு. சட்டப்படி உண்மையில் எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் பதிய வேண்டும். பதியாமல் இருக்கிற பிள்ளைக்கு வைத்தியரும் கிடையாது, கடிதமும் கிடையாது. ஆள் இருக்கிறார், ஆனால் நாட்டுக்குத் தெரியாது.

இரண்டாவது, எழுதுகிற முறை. மாடி வீடுகளில் தெருப் பெயர், இலக்கம், எந்த மாடி என்பதற்குப் பிறகு இடது கதவா வலது கதவா என்றும் எழுத வேண்டும். "யாருடைய இடது, ஏறி வருகிறவருடையதா, வீட்டுக்குள் இருக்கிறவருடையதா?" என்று ஒரு ஐயா என்னைக் கேட்டார். படி ஏறி வருகிறவருடைய இடது. "அப்ப என்ரை வீட்டை நான் வெளியில நிண்டுதான் பாக்கவேணும்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாக மட்டும் படவில்லை.

மூன்றாவது, கடிதப் பெட்டியில் பெயர். இங்கே விலாசம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பெட்டியில் பெயரும் இருக்க வேண்டும். எங்களுக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகிறது. கணவனின் பெயர் மனைவிக்குக் குடும்பப் பெயராகிறது. ஊரிலிருந்து அழைத்த அம்மாவுக்கு இன்னொரு பெயர். நான்கு பேர் இருக்கிற ஒரு தமிழ் வீட்டின் பெட்டியில் மூன்று குடும்பப் பெயர்கள், ஒவ்வொன்றும் இருபது எழுத்து. சின்னத் தகட்டில் எப்படி அடக்குவது? எங்கள் வீட்டில் தகடு போதாமல் கடதாசி வெட்டி ஒட்டினோம். மழைக்கு அது கரைந்தது. பொதி கொண்டுவந்த நிறுவனம் "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று குறித்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. அந்த நேரம் நான் வீட்டுக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது, நாட்டுக்கு வெளியே இருக்கிற விலாசங்கள். இங்கே ஒரு சொடுக்கில் எல்லாம் மாறிவிடும். ஊரில் இருக்கிற வங்கிக்கு அது தெரியாது. அங்கே ஒரு வங்கி என்னிடம் புது விலாசத்துக்கு ஆதாரமாகத் தபாலில் வந்த மின்சாரப் பட்டியலைக் கேட்டது. இங்கே மின்சாரப் பட்டியல் காகிதத்தில் வருவதில்லை. 2014 நவம்பர் முதல் அரசாங்கக் கடிதங்களே மின்பெட்டிக்குத்தான் வருகின்றன. கொம்மூனிடம் வதிவிடச் சான்று எடுத்து அனுப்பினேன். அதில் கையெழுத்து எங்கே, முத்திரை எங்கே என்று கேட்டார்கள். மூன்று மாதம் போயிற்று.

இவை சில்லறைக் கரைச்சல்கள், சிரித்துக்கொண்டு கடந்துவிடலாம். ஆனால் எங்கள் பெரியவர்கள் சிலர் இந்தப் படிவத்துக்கு முன்னால் இருக்கும்போது முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் டெனிஷ் மொழியோ கைபேசியோ மட்டும் அல்ல.

எங்கள் நாட்டில் விலாசத்தைப் பதிவது பயத்தோடு சேர்ந்த விஷயம். கொழும்பில் லொட்ஜில் தங்கிய வடக்குத் தமிழர் ஒவ்வொருவருக்கும் பொலிஸ் பதிவு என்றால் என்ன என்று தெரியும். பதிந்தால் இருக்கிற இடம் தெரிந்துவிடும். பதியாவிட்டால் பிடிபடலாம். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஆனால் "இந்த விலாசத்தில் நீ இருக்கக் கூடாது" என்று ஒரு அரசு சொன்னதை அந்தச் சனம் மறக்குமா? அதே 2007 இல் இக்காஸ்டில் கொம்மூன் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் நாட்டுப் படிவங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கும். நிரந்தர விலாசம், தற்காலிக விலாசம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாக நிரந்தர விலாசம் என்ற கட்டத்தில் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயம். உறுதி கையில் இருக்கிறது, வீட்டுக்குப் போக முடியாது. தற்காலிக விலாசம் என்ற கட்டத்தில் முகாமின் பெயர். அந்தத் தற்காலிகத்தில் பிள்ளைகள் பிறந்து, படித்து, கலியாணமும் கட்டிவிட்டார்கள்.

டெனிஷ் படிவத்தில் அந்த இரண்டாவது கட்டம் இல்லை. இப்போது எங்கே வசிக்கிறாய் என்பது மட்டும்தான் கேள்வி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நாட்டுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் எங்கள் பெரியவர்கள் அந்தப் படிவத்தில் எங்கேயோ நிரந்தர விலாசத்துக்கு இடம் இருக்கும் என்று தேடுகிறார்கள்.

இங்கே ஒரு வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் "தமிழர் வழக்கு" என்றால் டெனிஷ் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1987 இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகள் மனைவி பிள்ளைகளை அழைக்கப் போட்ட விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். அவர்களுக்குச் சட்டத்தில் அந்த உரிமை இருந்தது. விசாரணை அறிக்கை வெளிவந்தபோது, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995 இல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு மேற்கு நாட்டு அரசாங்கம் எங்கள் சனத்தின் கோப்புகளுக்காகக் கவிழ்ந்தது என்று நாங்கள் பெருமையோடு சொல்வோம்.

ஆனால் அந்தக் கோப்புகளுக்குள் இருந்த விலாசங்களை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பம் போட்ட கணவர் யூலண்டில் ஒரு அறையில் இருக்கிறார். மனைவியின் விலாசம் யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கை. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாண நகருக்குள் இறங்கியபோது அந்த ஒழுங்கையில் யார் இருந்திருப்பார்கள்? இங்கே கோப்பு மேசையில் அசையாமல் கிடந்தது. அங்கே விலாசம் ஓடிக்கொண்டிருந்தது. தாமதம் என்பதை நாங்கள் மாதக் கணக்கில் சொல்கிறோம். அந்தப் பெண்கள் அதை மாறிய வீடுகளின் கணக்கில் சொல்வார்கள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவில் எங்கள் சிற்றிதழ்கள் வந்தன. நோர்வேயிலிருந்து "சுவடுகள்", ஜெர்மனியிலிருந்து "தூண்டில்", சுவிஸிலிருந்து "மனிதம்", ஒல்லாந்திலிருந்து "அஆஇ", பாரிஸிலிருந்து "எக்ஸில்". இவை எல்லாம் தபாலில் போனவை. தட்டச்சும் பிரதியெடுப்பும் ஒரு வேலை என்றால், விலாசம் எழுதி முத்திரை ஒட்டுவது இன்னொரு பெரிய வேலை. வாசகர் யார்? அகதி முகாமிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து நண்பர் வீட்டுக்கும், அங்கிருந்து வேறு நாட்டுக்கும் போகிற ஆள். அவர் விலாசம் மாறியதைத் தெரிவிக்காவிட்டால் இதழ் திரும்பி வரும். புலம்பெயர் இலக்கியத்தின் தொடக்கம் பற்றிப் பேசும்போது ஆசிரியர்களைச் சொல்கிறோம், படைப்பாளிகளைச் சொல்கிறோம். விலாசப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர்களையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அந்த எழுத்து யாரிடமும் போய்ச் சேர்ந்திருக்காது.

இப்போது அந்தக் காலமே இங்கே முடிந்துவிட்டது. டென்மார்க்கில் 1624 இலிருந்து அரச தபால் சேவை இருந்தது. 2025 டிசம்பர் 30 ஆம் திகதியோடு போஸ்ட்நோர்ட் கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. தெருக்களில் இருந்த 1,500 சிவப்புத் தபால் பெட்டிகளையும் அதற்கு முன்பே கழற்றத் தொடங்கிவிட்டார்கள். தனியார் நிறுவனம் கடிதம் கொண்டுபோகிறது, ஆனால் தபால்காரர் என்ற ஆள் இனி இல்லை. பெயர்ப் பலகை சரியில்லாவிட்டாலும் இன்ன தமிழர் இன்ன வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்து போடுகிற பழைய ஆள் எங்கள் தெருவிலும் இருந்தார்.

இங்கேதான் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவா. மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இக்காஸ்டிலிருந்து ஓகூஸ் நகருக்கு மாறினா. பேரன் பத்து நிமிடத்தில் கைபேசியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். இந்த நாட்டில் மஞ்சள் நிறச் சுகாதார அட்டை ஒன்று உண்டு. அதில் விலாசத்தோடு குடும்ப வைத்தியரின் பெயரும் இருக்கும். தூரம் மாறினதால் வைத்தியரும் மாறினார். முப்பது வருடமாக அவவின் நீரிழிவையும் முழங்காலையும் தெரிந்து வைத்திருந்த வைத்தியரின் பெயர், புது அட்டை வந்த அன்று இல்லாமல் போனது. "சொல்லிப்போட்டு வந்திருப்பனே" என்றா. விலாசம் மாறினால் வைத்தியரும் மாறுவார் என்று யாரும் அவவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு பேரனைக் கேட்டா, "முடிஞ்சுதோ தம்பி? எல்லாருக்கும் அறிவிச்சாச்சோ?" அவன் ஓம் என்றான். அவனுடைய எல்லாருக்கும் என்பது சிபிஆரைப் பார்க்கிற அலுவலகங்கள். அவவுடைய எல்லாருக்கும் என்பது வேறு. ரொரன்ரோவில் பள்ளித் தோழி. ஒவ்வொரு வருடமும் திருவிழா முடிய விபூதி குங்குமம் தபாலில் அனுப்புகிற ஊர்க் கோயில் ஐயர். தங்கச்சி. பத்து நிமிட வேலையில் இவர்கள் ஒருவரும் இல்லை.

அந்த அம்மாவிடம் ஒரு விலாசக் கொப்பி இருக்கிறது. தங்கச்சியின் பக்கத்தை எனக்குக் காட்டினா. முதல் வரி மயிலிட்டி. அதை வெட்டி மல்லாகம். அதை வெட்டிச் சாவகச்சேரி. அது 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தபோது மாறிய விலாசம். அடுத்து கிளிநொச்சி. அடுத்து மல்லாவி. அடுத்து செட்டிகுளம் மனிக் பாம், வலய இலக்கத்தோடு. பிறகு வவுனியா. 2017 இல் மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்ட பிறகு கடைசி வரியில் திரும்பவும் மயிலிட்டி. முதல் வரியில் வெட்டியிருந்த அதே விலாசம், அதே கையெழுத்து, பேனை மட்டும் வேறு.

நியாயமாகச் சொல்ல வேண்டும், டெனிஷ் பதிவேட்டிலும் பழைய விலாசங்கள் அழிவதில்லை. எந்தத் திகதியில் எங்கிருந்து எங்கே என்று கேட்டு எடுக்கலாம். ஏன் மாறினோம் என்பது அதில் இல்லை. கொப்பியிலும் அது எழுதவில்லைதான். ஆனால் கொப்பியை விரித்து வைத்தால் அந்த அம்மா ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கதை சொல்கிறா. பதிவேட்டை விரித்து வைத்தால் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே என் உரையின் முடிவில் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, பெரியவர்களின் விலாசத்தைப் பிள்ளைகள் மாற்றிக் கொடுக்கும்போது அவர்களைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். வைத்தியர் மாறுவாரா, வாடகை உதவி மாறுமா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தால் வீட்டில் உள்ள எல்லோருடைய வருமானத்தையும் பார்த்துத்தான் இங்கே வாடகை உதவி கணக்கிடுவார்கள். அது அவர்களுடைய பணம், அவர்களுடைய வைத்தியர். முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும். பிறகு, "வேறு யாருக்குச் சொல்ல வேணும் அம்மா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு ஒரு பின்னேரம் வேண்டும். அந்தப் பின்னேரத்தைக் கொடுங்கள்.

இரண்டாவது, அந்தக் கொப்பிகளை எறியாதீர்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான். பழைய கடித உறைகளும் அப்படித்தான். 2005 இலிருந்து நூலகம் என்ற எண்ணிம நூலகம் எங்கள் நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் காப்பாற்றி வருகிறது. நான் சொன்ன சிற்றிதழ்கள் பலவற்றை இன்று அங்கே வாசிக்கலாம். ஒரு சாதாரண வீட்டின் விலாசக் கொப்பியும் ஆவணம்தான். அதிலே மற்றவர்களின் விபரங்கள் இருக்கின்றன, அதனால் அவர்களைக் கேட்டு, கவனமாகச் செய்ய வேண்டும். குறைந்தது படம் எடுத்து வீட்டில் வைத்திருங்கள். வெட்டிய வரிகளுக்கான கதைகளைக் குரலில் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, எழுதுகிறவர்களுக்கு. போரையும் பயணத்தையும் நிறைய எழுதிவிட்டோம், இன்னும் எழுதுவோம். நான் வாசித்தவற்றில் வந்து சேர்ந்த பிறகான இந்தச் சிறிய அலுவல்கள் குறைவாகவே இருக்கின்றன. படிவம், பெயர்த் தகடு, புது மஞ்சள் அட்டை, இடது கதவு வலது கதவு. எங்கள் வாழ்நாளில் பெரும்பகுதி இவற்றுக்குள்தான் போயிருக்கிறது. ஐந்து நாளுக்குள் விலாசம் மாற்றும் நாட்டில் முப்பது வருடம் வாழ்ந்தும், படிவத்தில் இல்லாத அந்த நிரந்தர விலாசக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிற ஒரு மனிதரை யாராவது முழுமையாக எழுதினால் முதல் ஆளாக நான் வாசிப்பேன்.

இனி கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கேட்கும்போது எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள். இப்போதைய ஊரையும் சொல்லலாம், மற்ற ஊரையும் சொல்லலாம்.